கடற்கரை வீட்டுப் புகைபோக்கி: பழுது பார்க்கும் முறையும் பராமரிப்பும்

வீட்டின் உறுப்புகளுள் மிகுதியாக உழைப்பதும் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் புகைபோக்கியே ஆகும். கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் இடுகிறோம். ஓடு ஒழுகினால் உடனே மாற்றுகிறோம். புகைபோக்கியோ நம் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. அது பழுதுற்றிருக்கும் செய்தியைச் சமையலறையில் நிற்கும் பெண்மக்களின் கண்ணீரே நமக்கு முதலில் அறிவிக்கிறது. அதனையும் ஈரவிறகின் குற்றம் என்று கூறித் தள்ளிவிடுகிறோம்.

2016ஆம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தினால் எரிவாயு அடுப்பு மிகப் பல சிற்றூர் வீடுகளை அடைந்திருப்பது உண்மையே. ஆயினும் நெல் அவிப்பதற்கும், வெந்நீர் காய்ச்சுவதற்கும், பாவுக்குக் கஞ்சி காய்ச்சுவதற்கும், சாயத் தொட்டியைச் சூடேற்றுவதற்கும் இன்றும் பல வீடுகளில் விறகடுப்பே எரிகின்றது. சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வரும்வரை சமையலும் அவ்வடுப்பிலேயே நடைபெறுகிறது. எனவே புகைபோக்கியின் தேவை நம் அங்கத்தினர்களின் இல்லங்களில் நீங்கிவிடவில்லை.

இது வெறும் வசதியைப் பற்றிய பேச்சும் அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் வீட்டு அடுப்புப் புகையின் காரணமாக உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 5 வயது நிரம்பாத குழந்தைகள் மட்டும் 2,37,000 பேருக்கு மேற்பட்டோர். அடுப்பருகே நாள்தோறும் பல நாழிகை நிற்கும் தாயும், அவள் இடுப்பில் இருக்கும் குழந்தையுமே இப்புகையை மிகுதியாக உட்கொள்கின்றனர். நெசவாளர் இல்லங்களில் மற்றொரு நட்டமும் உண்டு. தறி நிற்கும் கூடத்தில் புகை சூழுமானால் வெள்ளைப் பாவில் கரி படிகின்றது. அவ்வாறு படிந்த துணிக்கு நல்ல விலை கிடைப்பதில்லை.

உள்நாட்டில் கட்டிய புகைபோக்கிக்கும் கடற்கரையில் கட்டிய புகைபோக்கிக்கும் ஆயுள் ஒன்றாக இராது. உள்ளிருந்து கரியும் வெளியிலிருந்து உப்பும் அதனைத் தாக்குகின்றன. இவ்விரண்டையும் தடுக்கும் முறைகள் எளியவை. ஆயினும் பழுது பார்ப்பதாக எண்ணி நாம் செய்யும் ஒரு காரியமே பல புகைபோக்கிகளை அழித்துவிடுகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் முதல் நோக்கம்.

புகை ஏறும் விதம்

சூடான காற்று இலேசானது. ஆகையால் மேலே எழுகிறது. அது எழுந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று அடுப்பு வாயின் வழியே உள்ளே நுழைகிறது. இதனையே 'இழுப்பு' என்கிறோம். புகைபோக்கி உயரமாகவும், அதன் உட்புறம் சூடாகவும், வழி தடையின்றியும் இருந்தால் இழுப்பு நன்றாக இருக்கும். சுவரில் வெடிப்பு இருந்தால் அதன் வழியே குளிர்ந்த காற்று உட்புகுந்து புகையைக் குளிரச் செய்யும். குளிர்ந்த புகை மேலே செல்லாது சமையலறைக்கே திரும்பிவிடும். ஆகவே வெடிப்பு எங்கே இருப்பினும் அதன் தண்டனை அடுப்படியில் நிற்பவர்க்கே கிடைக்கிறது.

1950களில் ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியியல் அறிஞர் புகையில்லா அடுப்பினை வகுத்து, அதனை ஏழை மக்களிடையே பரப்ப முனைந்தார். பின்னர் 1980களில் நடுவணரசும் மேம்படுத்திய அடுப்புகளுக்கென ஒரு தேசியத் திட்டத்தை நடத்தியது. அடுப்பை அமைப்பதோடு வேலை முடிந்துவிடாது. குழாயில் கரி அடைத்தாலோ, மூடி விழுந்தாலோ, சிறந்த அடுப்பும் பழைய மூன்று கல் அடுப்பைப் போலவே புகையும்.

உப்பு செய்யும் வேலை

கடலலை உடையும்பொழுது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று கரைக்குள் கொண்டுவருகிறது. அவற்றிலுள்ள உப்பு செங்கல்லின் நுண்துளைகளில் படிகின்றது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைக் கடக்கும்பொழுது உப்பு ஈரத்தை இழுத்துக் கரைகிறது. ஈரம் குறைந்தவுடன் மீண்டும் படிகமாகிறது. படிகமாகும்பொழுது அது துளையின் சுவர்களை நெருக்கித் தள்ளுகிறது. இவ்வாறு பலமுறை நிகழவே, செங்கல்லின் முகம் பொரிந்து தூளாக உதிர்கின்றது.

வீட்டுச் சுவரைக் காட்டிலும் புகைபோக்கியில் இக்கேடு விரைவாக நிகழ்வதன் காரணம் யாதெனில், அடுப்பு மூட்டும்பொழுதெல்லாம் அது சூடேறிக் காய்கிறது. அடுப்பு அணைந்தபின் மீண்டும் ஈரத்தை இழுக்கிறது. சுவருக்குப் பருவத்துக்குச் சில முறை நேரும் மாற்றம் புகைபோக்கிக்கு நாளுக்கு இருமுறை நேருகிறது. மேலும் அது கூரைக்கு மேல் நாற்புறமும் காற்றுக்கு இலக்காகி நிற்கிறது. எனவே கூண்டின் கடற்பக்க முகத்தையே முதலில் சோதித்தல் வேண்டும்.

சிமெண்டுப் பூச்சினால் விளையும் கேடு

செங்கல் பொரியக் கண்டவுடன் பெரும்பாலோர் செய்வது என்ன? கொத்தனாரை அழைத்துக் கூண்டு முழுவதும் கெட்டியாகச் சிமெண்டு பூசச் செய்கின்றனர். இரண்டு ஆண்டுகளுக்குப் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பிறகு பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். அதனோடு செங்கல்லின் முகமும் சேர்ந்து வரும்.

பழைய செங்கல் மென்மையானது. அதனை இணைக்கும் சுண்ணாம்புக் காரை அதனினும் மென்மையானது. ஈரமும் உப்பும் காரையின் வழியாகவே வெளியேறுகின்றன. உதிர்வதானாலும் காரையே உதிரும், செங்கல் பிழைத்திருக்கும். உதிர்ந்த காரையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் நிரப்பினால் போதும். சிமெண்டோ செங்கல்லைவிடக் கடினமானது; ஈரத்தை எளிதில் வெளியே விடாதது. அது சந்தை அடைத்துவிட்டால் உப்பு செங்கல்லினுள்ளேயே தங்கிப் படிகமாகும். அப்பொழுது உதிர்வது செங்கல். சூட்டில் விரிந்து சுருங்கும்பொழுதும் சுண்ணாம்புக் காரை சிறிது இடங்கொடுக்கும்; சிமெண்டு வெடிக்கும். அவ்வெடிப்பில் மழைநீர் இறங்கும். இறங்கிய நீர் வெளியேற வழியிராது.

ஆகையால் சுண்ணாம்புக் காரையால் கட்டிய கூண்டைச் சுண்ணாம்புக் காரையாலேயே பழுது பார்க்க வேண்டும். தொடக்கத்திலேயே சிமெண்டாலும் கடினமான செங்கல்லாலும் கட்டிய புதிய கூண்டுக்கு இவ்விதி அவ்வளவு கண்டிப்பாகப் பொருந்தாது.

பழுது பார்க்கும் முறை

முதலாவதாக, உதிர்ந்த காரையைச் சிற்றுளியால் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். சந்து அரை அங்குல அகலமாயின் ஒரு அங்குல ஆழம் வரை எடுத்தல் நலம். சுத்தியால் ஓங்கி அடித்தால் செங்கல்லின் ஓரம் உடைந்துபோகும். மேலே பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டிக் கீழே விழாமல் வாரி அகற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே செல்லும்.

காரைக்கு நன்கு நீற்றிச் சலித்த சுண்ணாம்பு ஒரு பங்கும், ஆற்றுமணல் மூன்று பங்கும் போதும். மழை மிகுதியாகத் தாக்கும் இடங்களில் மணலில் ஒரு பங்கைக் குறைத்து, நன்கு வெந்த செங்கல்லின் பொடியைச் சேர்த்தால் காரை விரைவில் இறுகும். நம் கரையோரங்களில் கிளிஞ்சல் சுண்ணாம்பு நெடுங்காலமாக வழங்கி வருவது. கிடைக்குமானால் அதுவே சாலச் சிறந்தது. கடல்மணலை ஒருபோதும் சேர்த்தலாகாது. உவர்நீர்க் கிணற்றுத் தண்ணீரையும் விலக்குக. உப்பை வெளியேற்றுவதற்காகச் செய்யும் வேலையில் உப்பையே கலப்பது பேதைமை.

சந்தைத் தண்ணீர் தெளித்து நனைத்தபின், காரையைக் கெட்டியாகப் பிசைந்து உள்ளே அழுத்தி நிரப்ப வேண்டும். பின்னர் ஒரு வாரமேனும் ஈரச் சாக்கால் மூடிவைத்து, வெயிலில் வெடுக்கென உலராமல் காத்தல் வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லக் கல்லாக இறுகுவது. அவசரம் அதற்கு ஆகாது. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் உடனே நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கூண்டின் உட்புறத்தில், அடுப்பை அடுத்த பகுதிக்குச் சுண்ணாம்பும் வேண்டா, சிமெண்டும் வேண்டா. செம்மண்ணோடு சாணமும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்துப் பிசைந்து பூசுவதே சூட்டைத் தாங்கும். வெடித்த இடத்தில் மறுபடியும் மெழுகிக்கொள்ளலாம். இதற்குக் கூலியாள் தேவையில்லை.

பழுது முடிந்தபின் ஒரு சோதனை செய்க. காரை நன்கு காய்ந்த பிறகு, கதவு சன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்பில் சிறிது வைக்கோலைப் புகையவிட்டு, கூண்டின் தலையை ஈரச் சாக்கால் சிறிது நேரம் மூடினால், எங்கெங்கே வெடிப்பு உள்ளதோ அங்கெல்லாம் புகை கசியும். அவ்விடங்களைக் கரியால் குறித்துவைத்து உடனே சாக்கை எடுத்துவிட வேண்டும். குறித்த இடங்களைப் பின்னர் அடைக்கலாம்.

தலைமூடியும் இரும்பும்

கடற்கரையில் பகலில் நிலம் சூடேறுவதால் காற்று கடலிலிருந்து வீசுகிறது. இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கித் திரும்புகிறது. எனவே ஒரு புறம் மட்டும் திறந்த மூடி ஒரு வேளைக்கு உதவினாலும் மறுவேளைக்குப் புகையைத் திருப்பி அடிக்கும். நான்கு மூலைகளிலும் செங்கல் நிறுத்தி, அதன்மேல் தட்டைக் கல்லோ சுட்ட களிமண் பலகையோ வைத்து, நாற்புறமும் திறந்துவிடுவதே தக்கது. குழாயாயின், மூடிக்கும் குழாயின் வாய்க்கும் இடையே குழாய் விட்டத்தில் பாதிக்குக் குறையாத இடைவெளி இருத்தல் வேண்டும். 4 அங்குலக் குழாய்க்கு 2 அங்குலம்.

செங்கல்லுக்குள் இரும்புக் கம்பி பதிக்கும் வழக்கம் கடற்கரைக்கு ஏற்றதன்று. இரும்பு துருப்பிடிக்கும்பொழுது முன்னிருந்ததைப் போல் பல மடங்கு பருத்து, கல்லைப் பிளந்துவிடும். துத்தநாகம் பூசிய தகடு சில ஆண்டுகள் தாங்கும். வெட்டிய ஓரங்களிலும் ஆணித் துளைகளிலும் முதலில் கெடும். துருப்பிடிக்காத எஃகு வாங்குவோர் 316 என்ற வகையைக் கேட்டு வாங்குதல் நன்று. கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் 304 வகையைக் காட்டிலும் அது கடலுப்பை நன்கு தாங்கும்.

பழைய வீடுகள் சிலவற்றில் கல்நார்க் குழாய்கள் இன்றும் உள்ளன. கல்நார்த் தூள் நுரையீரலுக்குட் சென்றால் பல்லாண்டு கழித்துப் புற்றுநோயை உண்டாக்குவது. ஆகையால் அக்குழாயை அறுப்பதோ, தேய்ப்பதோ, உடைப்பதோ கூடாது. வெடித்த குழாயை நனைத்து, முழுதாகக் கழற்றி, கனத்த பாலிதீன் உறையில் சுற்றிக் குழந்தைகள் அணுகாத இடத்தில் வைத்து, அப்புறப்படுத்தும் முறையை உள்ளாட்சி அலுவலரிடம் கேட்டறிதல் வேண்டும். புதிதாக வைப்போர் சுட்ட மண்குழாயையோ செங்கல்லையோ கொள்க.

கூரையும் உயரமும்

ஓட்டுக் கூரையைக் கடந்து வெளிவரும் இடத்திலிருந்து புகைபோக்கி குறைந்தது 3 அடி உயர வேண்டும். 10 அடித் தொலைவுக்குள் உள்ள முகடு, மதில் முதலிய எதனைக் காட்டிலும் 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். கீற்றுக் கூரையாயின் முகட்டுக்கு மேல் 6 அடி இருத்தல் பாதுகாப்பு. அதனினும் பாதுகாப்பு, அடுப்பைக் கீற்றின்கீழ் வைக்காமல் ஓடு வேய்ந்த தனி அடுக்களைக்கு மாற்றுவதே.

உயரம் மிகினும் ஆபத்து. கூரைக்கு மேல் தனித்து நிற்கும் கூண்டின் உயரம் அதன் குறுகிய பக்க அகலத்தைப் போல் நான்கரை மடங்கைக் கடக்கலாகாது என்பது இங்கிலாந்துக் கட்டட விதிகளில் கூறப்படுவது. அதன்படி ஒன்றரை அடி அகலக் கூண்டு 6¾ அடிக்கு மேல் நிற்கலாகாது. புயல் வீசும் நம் கரையில் அதனினும் குறைவாகவே கொள்ளுதல் அறிவுடைமை.

கூண்டும் ஓடும் சந்திக்கும் இடமே மழைநீர் ஒழுகும் இடம். அங்கே ஒரு வரிசைச் செங்கல்லை ஓட்டின்மேல் சிறிது நீட்டிவைத்து, அதன்கீழ்ச் சுண்ணாம்புக் காரையைச் சரிவாகப் பூசிவிட்டால், நீர் ஓட்டின்மேல் வழிந்து ஓடிவிடும்.

கரி நீக்குதல்

ஈரவிறகு எரியும்பொழுது சூட்டின் பெரும்பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகிறது. புகை குளிர்ந்து, தார் போன்ற பிசுக்காகக் கூண்டினுள் படிகிறது. இப்பிசுக்கு ஒருநாள் தீப்பற்றும். ஆகையால் சவுக்கையும் சீமைக்கருவேலையும் பிளந்து, ஆறு மாதமேனும் மழைபடாமல் அடுக்கி உலர்த்தியபின் எரிக்க வேண்டும். பண்ணுருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கங்களில் முந்திரி மிகுதி. முந்திரிக்கொட்டையின் ஓட்டை வீட்டு அடுப்பில் இடுதல் கூடாது. அதிலுள்ள காரமான எண்ணெய் புகையோடு எழுந்து கண்ணையும் தொண்டையையும் எரிப்பதோடு, கூண்டில் பிசுக்காகவும் படிகிறது. பாலிதீன் பைகளையும் செயற்கை நூல் கழிவுகளையும் இடுதலும் அவ்வாறே கேடு.

கரிப்படலம் ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கனமானால் உடனே துடைக்க வேண்டும். நாள்தோறும் எரியும் அடுப்பிற்கு ஆண்டுக்கு இருமுறை துடைத்தல் தகும். தென்னை நாரையோ பனை நாரையோ கூண்டின் அளவுக்குக் கட்டி, இரு முனைகளிலும் கயிறு பிணைத்து, ஒருவர் மேலிருந்தும் ஒருவர் கீழிருந்தும் மாறி மாறி இழுத்தால் கரி உதிர்ந்துவிடும். முகத்தை ஈரத்துணியால் மூடிக்கொள்க. வேலை முடிந்தவுடன் குளிக்க. 1775ஆம் ஆண்டிலேயே லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் என்பவர், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளருக்குக் கரியினால் புற்றுநோய் உண்டாவதைக் கண்டு எழுதினார். இவ்வேலையைச் சிறுவரிடம் விடலாகாது.

கூண்டினுள் தீப்பற்றினால் 'ஓ'வென்ற இரைச்சல் கேட்கும். தலைப்பில் பொறி பறக்கும். அப்பொழுது கூண்டினுள் தண்ணீர் ஊற்றினால் சூடேறிய செங்கல் வெடிக்கும்; கொதிநீராவி கீழே பாயும். அடுப்பின் வாயைத் தகட்டால் மூடி, வீட்டிலுள்ளோரை வெளியேற்றி, தீயணைப்பு நிலையத்தை 101 என்ற எண்ணில் அழைக்க வேண்டும். எட்டத்திலிருந்து கூரையை நனைத்துக்கொண்டிருக்கலாம்.

கரி அடைத்த கூண்டில் மற்றோர் ஆபத்தும் உண்டு. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு நிறமும் மணமும் அற்றது. தணல் கிடக்கும் அடுப்பறையை மழைக்கு அஞ்சி முற்றிலும் மூடிவிட்டு அதனுள் உறங்குவோர் தலைவலியும் மயக்கமும் உற்று, எழுந்திராமலே போவதுண்டு. மழைக்காலத்திலும் ஒரு சன்னலேனும் திறந்திருத்தல் வேண்டும்.

பருவமும் புயலும்

சோழமண்டலக் கரைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். புயல்களும் பெரும்பாலும் அப்பொழுதே வருகின்றன. 2011 டிசம்பர் 30ஆம் நாள் கடலூரைத் தாக்கிய தானே புயலையும், 2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரணியத்தருகே கரை கடந்த கஜா புயலையும் நம்மவர் மறந்திரார். எனவே ஆனியில் கூண்டைப் பார்வையிட்டுக் குறை காணலாம். ஆடிக்காற்றில் கூரைமேல் ஏறுதல் ஆபத்தாகையால் அதனைக் கழித்து, ஆவணியில் பழுதை முடிக்கலாம். அப்பொழுதுதான் சுண்ணாம்பு இறுகுவதற்கு வேண்டிய வாரங்கள் கிடைக்கும். மழை தொடங்கியபின் பூசிய காரை கரைந்தே போகும்.

புயல் எச்சரிக்கை வந்தவுடன் அடுப்பை முற்றிலும் அணைக்க வேண்டும். தளர்ந்த தலைமூடியைக் காற்று எழுவதற்கு முன்பே இறக்கி வைத்துக் கூண்டின் வாயைச் சாக்கால் கட்டிவிடலாம். கூண்டு நிற்கும் பக்கத்து அறையில் அன்றிரவு எவரும் படுக்கலாகாது. புயல் கடந்தபின், சாக்கை எடுத்து, கூண்டு சாய்ந்துள்ளதா, உள்ளே கல்லோ கூடோ விழுந்துள்ளதா என்று பார்த்த பிறகே அடுப்பை மூட்ட வேண்டும்.

கூடிச் செய்யத்தக்கது

இவற்றையெல்லாம் ஒரு குடும்பம் தனித்துச் செய்வது கடினமென்று சிலர் எண்ணலாம். ஒரு கூண்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு சில கூடைகளே. அதற்கெனத் தனியே நீற்றுவது வீண்செலவு. சுண்ணாம்புக் காரையில் பழகிய கொத்தனாரும் இப்பொழுது அருகிவருகின்றனர்; ஒரு நாள் வேலைக்காக அவர்கள் தொலைவிலிருந்து வரமாட்டார்கள். ஆனால் இருபது வீட்டார் ஒன்றுகூடினால் இத்தடைகள் நீங்குகின்றன. நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் இட்டு, மேலே தண்ணீர் நிற்கும்படி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது; நாளாக நாளாகக் குழைவு மிகும். அத்தகைய குழி ஒன்றும், ஏணி ஒன்றும், துடைக்கும் நார்க்கட்டுகள் இரண்டும் சங்கத்தின் பொதுவுடைமையாக இருக்கலாம். கொத்தனாரை ஆவணியில் பத்து நாள் அமர்த்தினால் ஊரிலுள்ள கூண்டுகள் பலவும் பழுது நீங்கும். நம் இளைஞர் இருவர் அவரோடு நின்று தொழிலைக் கற்றுக்கொண்டால், அடுத்த ஆண்டு வெளியாளை எதிர்பார்க்க வேண்டுவதில்லை.

பாசனத்துக்கு முன் வாய்க்காலைக் கூடித் தூர்வாருவதை நம் முன்னோர் ஊர்க்கடனாகக் கொண்டிருந்தனர். புகைக்கு வழிசெய்யும் இவ்வாய்க்காலையும் அவ்வாறே கருதுதல் தகும். வரும் ஆனித் திங்கள் சங்கக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்து, எந்தெந்த வீட்டுக் கூண்டுகள் பழுதுற்றுள்ளன என்று பட்டியல் எடுக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பட்டியல் எடுக்கச் செல்வோர் கூரையைப் பார்ப்பதற்கு முன், அடுப்படியில் நிற்கும் தாய்மாரிடம் முதலில் கேட்பாராக. கூண்டின் நிலையை அவர்களே நன்கு அறிவர்.